கரை மட்டும் காக்குமா? – மிசிசிப்பி ஆறு கற்பித்த பாடம்

ஆற்றங்கரையில் ஊரமைத்த மனிதன் நன்றியோடும் அச்சத்தோடும் வாழ்ந்தவன். குடிக்க நீரும், உழ வண்டலும், பண்டங்களை ஏற்றிச் செல்ல வழியும் தந்த அதே ஆறு, பெருமழைக் காலத்தில் அவன் குடிசையையும் களஞ்சியத்தையும் வாரிக்கொண்டு போயிற்று. ஆற்றை விட்டு அகலவும் அவனால் முடியவில்லை; அதன் சீற்றத்தைத் தாங்கவும் இயலவில்லை. இவ்விரண்டுக்கும் நடுவே அவன் கண்ட வழியே கரை. மண்ணை வெட்டிக் குவித்து மேடாக்கி, அதற்கு அப்பால் ஆறு, இப்பால் ஊர் என்று எல்லை வகுத்தான்.

அந்த எல்லையை ஆறு ஏற்றுக்கொண்டதா? கரை காத்தது யாரை? கரையால் தடுக்கப்பட்ட நீர் எங்கே போயிற்று? இவ்வினாக்களுக்கு விடை தேடுவார்க்கு வட அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றைப்போல் விரிந்த பாடநூல் அரிது. ஏறத்தாழ 300 ஆண்டுகளாக அவ்வாற்றின் ஓரத்தில் மனிதன் கரையெழுப்பி வருகின்றான். அவன் வென்ற இடங்களும் தோற்ற இடங்களும் வரலாற்றில் தெளிவாகப் பதிந்துள்ளன. தோல்விகளுள் பல, கரை இல்லாமையால் நேர்ந்தவை அல்ல. கரையே எல்லாம் என்று நம்பியதால் நேர்ந்தவை.

ஆறு தானே எழுப்பிய கரை

மிசிசிப்பி ஆறு வடக்கே மினசோட்டா மாநிலத்தின் இட்டாஸ்கா ஏரியில் ஒரு சிற்றோடையாகத் தோன்றுகின்றது. தெற்கு நோக்கி 2,300 மைலுக்கு மேல் ஓடி மெக்சிகோ வளைகுடாவில் கலக்கின்றது. மேற்கிலிருந்து மிசூரி, ஆர்கன்சா ஆறுகளும், கிழக்கிலிருந்து ஒகையோ ஆறும் அதனோடு சேர்கின்றன. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் 31 மாநிலங்களிலும் கனடாவின் 2 மாகாணங்களிலும் பெய்யும் மழையின் ஒரு பகுதி இந்த ஒரே ஆற்றின் வழியாகத்தான் கடலை அடைகின்றது.

ஒகையோ ஆறு வந்து கலக்கும் கெய்ரோ என்னும் ஊருக்குக் கீழே நிலம் மிகத் தாழ்வானது, சமமானது. அங்கே ஆறு ஆண்டுதோறும் பெருகி இருமருங்கும் பரவுவது இயல்பாக இருந்தது. அவ்வாறு பரவும்போது நீரின் விரைவு குறையும். குறைந்தவுடன் கனமான மணலும் வண்டலும் ஆற்றின் விளிம்பிலேயே படியும்; மென்மையான சேறு தொலைவு சென்று படியும். இவ்வாறு பல நூற்றாண்டுகள் படிந்து படிந்து, ஆற்றின் ஓரமே அவ்வட்டாரத்தின் மேட்டு நிலமாயிற்று. ஆற்றை விட்டு விலக விலகத் தரை தாழ்ந்து சதுப்பில் முடியும். கரை என்பதை மனிதன் கண்டுபிடிக்குமுன் ஆறே கட்டிக் காட்டிற்று என்றுகூடச் சொல்லலாம். ஆனால் வெள்ளம் பரவியதனால்தான் அந்தக் கரை வளர்ந்தது. இந்த உண்மை பின்னர் மறக்கப்பட்டது.

1718-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரரான பியன்வில் இத்தகைய மேட்டின்மீதே நியூ ஒர்லியன்ஸ் நகரை நிறுவினார். நகரம் எழும்பிய சில காலத்திலேயே வெள்ளம் அதனுள் புகுந்தது. 1727-ஆம் ஆண்டளவில் நகரின் முன்னே ஏறத்தாழ ஒரு மைல் நீளத்திற்கு மண்கரை ஒன்று அமைந்துவிட்டது. ஆற்றோரத்தில் நிலம் பெற்றவர்கள் தத்தம் நிலத்திற்கு முன்னே தாமே கரையெழுப்ப வேண்டுமென்று ஆட்சியாளர் விதித்தனர். நிலவுடைமையாளரின் பெயரால் எழுந்த அக்கரைகளுக்கு மண் சுமந்தவர்கள் பெரும்பாலும் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களே.

கரையின் இயல்பும் கரையின் குறையும்

மண்கரை பார்வைக்கு எளியது. ஆயினும் அதனைக் கட்டுவதும் காப்பதும் அரிய கலை. அடி அகன்று, முடி குறுகி, இருபுறமும் மெல்லச் சரிய வேண்டும். புல் வேர்கள் மண்ணை இறுகப் பற்றுவதால் அதன்மேல் புல் வளர்க்கப்படுகின்றது. மரங்களின் வேர்கள் அழுகினால் நீர் புகும் வழியாகிவிடும். ஆதலால் மரங்கள் நீக்கப்படுகின்றன. சிறு விலங்கு தோண்டிய வளையும் பெருங்கேட்டுக்கு வித்தாகலாம்.

கரை உடைப்பெடுக்கும் வழிகள் பல. நீர் கரையின் முடியைத் தாண்டி வழிந்து, மறுபுறச் சரிவை அரித்து வீழ்த்துவது ஒன்று. நீண்ட நாள் நனைந்த மண் இளகிச் சரிவது மற்றொன்று. எல்லாவற்றிலும் வஞ்சகமானது கரையின் அடியால் நிகழும் கசிவு. உயர்ந்து நிற்கும் ஆற்றின் அழுத்தம் நிலத்தடி மணலின் வழியே நீரைத் தள்ள, கரைக்கு உட்புறத்திலே, வயல் நடுவிலே, மணலோடு நீர் கொப்புளிக்கும். அவ்வாறு கொப்புளிக்கும் இடத்தைச் சுற்றி மணல்மூட்டைகளை வட்டமாக அடுக்குவார்கள். வட்டத்துள் நீர் உயர்ந்து நின்றால் அதன் எடையே ஊற்றின் வேகத்தைத் தணிக்கும். ஊற்றை முற்றிலும் அடைத்துவிட்டால் நீர் வேறோரிடத்தில் பீறிடும். ஆற்றை அறிந்த உழைப்பாளிகள் கைப்பழக்கத்தால் உணர்ந்திருந்த இவ்வுண்மையை ஆட்சியாளர் பெரிய அளவில் உணர நெடுங்காலம் ஆயிற்று.

கரைக்கு மற்றுமொரு குறை உண்டு. ஒரு கரையை உயர்த்தினால், முன்பு பரவி நின்ற நீர் குறுகிய வழிக்குள் நெருக்குண்டு உயரும். எதிர்க்கரையில் உள்ளவர் தம் கரையையும் உயர்த்த வேண்டியவராவர். மேலே உள்ள ஊர் தன்னைக் காத்துக்கொண்டால் கீழே உள்ள ஊருக்கு வெள்ளம் மிகும். ஆகவே கரை என்பது ஒரு தனி மனிதனின் வேலி அன்று. அண்டை அயலாரின் நலத்தோடு பின்னிக் கிடப்பது. 19-ஆம் நூற்றாண்டு முழுவதும் ஆற்றோர மக்கள் ஒருவரை ஒருவர் விஞ்சக் கரையை உயர்த்தினர். ஆறும் அதற்கேற்ப உயர்ந்தது.

இரண்டு அறிக்கைகள்

நூற்றாண்டின் நடுவில் அமெரிக்க நாடாளுமன்றம் இந்தச் சிக்கலை ஆராயப் பணம் ஒதுக்கியது. ஆய்வு இருவர் கைக்குப் போயிற்று. ஒருவர் சார்ல்ஸ் எல்லட் என்னும் பொறியாளர். மற்றவர் இராணுவப் பொறியியற் படையைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஹம்ப்ரீஸ்.

எல்லட்டின் அறிக்கை 1852-இல் வெளிவந்தது. ஆற்றின் மேற்பகுதியில் புல்வெளிகள் உழப்பட்டு வயல்களாவதால் நீர் விரைந்து வந்து சேர்கின்றது என்றும், கரைகளே வெள்ளத்தின் உயரத்தை மிகுவிக்கின்றன என்றும் அவர் எடுத்துரைத்தார். கரைகளோடு நீர்த்தேக்கங்களும், மிகைநீரை வெளியேற்றும் வடிகால்களும் வேண்டும் என்பது அவருடைய முடிவு. பத்தாண்டுகளுக்குப்பின், அமெரிக்க உள்நாட்டுப் போரில் மெம்பிஸ் நகரையொட்டி அதே ஆற்றின்மீது நிகழ்ந்த கப்பற் சண்டையில் அவர் காயமுற்று 1862-இல் இறந்தார்.

ஹம்ப்ரீஸ், ஹென்றி அபட் என்பவரோடு சேர்ந்து எழுதிய பேரறிக்கை 1861-இல் வெளிவந்தது. ஆற்றின் ஆழத்தையும் விரைவையும் அவர்கள் அளந்த முறை உலகெங்கும் மதிப்புப் பெற்றது. ஆனால் அவர் நீர்த்தேக்கங்களையும் வடிகால்களையும் ஏற்றவையல்ல என ஒதுக்கிக் கரைகளையே பரிந்துரைத்தார். பின்னர் அவரே இராணுவப் பொறியியற் படையின் தலைவரானார்.

இவர்களோடு மூன்றாமவர் ஒருவரும் வருகின்றார். சென்ட் லூயிஸ் நகரில் மிசிசிப்பிக்குக் குறுக்கே புகழ்பெற்ற பாலத்தைக் கட்டியவர் ஜேம்ஸ் ஈட்ஸ். ஆற்றைக் குறுக்கினால் நீர் விரையும். விரையும் நீர் தன் படுகையைத் தானே அகழ்ந்து ஆழமாக்கிக்கொள்ளும் என்பது அவர் கொள்கை. ஆற்றின் முகத்துவாரத்தில் இணைச் சுவர்கள் அமைத்து, 1879-இல் அவர் கப்பல்களுக்கு ஆழமான வழியை உண்டாக்கிக் காட்டினார். முகத்துவாரத்தில் பலித்தது ஆறு முழுவதற்கும், பெருவெள்ளக் காலத்திற்கும் பலிக்கும் என்று பலர் எண்ணினர்.

1879-இல் நிறுவப்பட்ட மிசிசிப்பி ஆற்று ஆணையம் நாளடைவில் 'கரை மட்டுமே' என்னும் கொள்கையில் ஊன்றி நின்றது. ஹம்ப்ரீஸ் வடிகால்களை மறுத்ததை ஆணையம் எடுத்துக்கொண்டது. படுகை தானே ஆழமாகும் என்னும் கருத்தை அவர் ஏற்கவில்லை என்பதை விட்டுவிட்டது. ஈட்ஸின் நம்பிக்கையை எடுத்துக்கொண்டது. அதன் எல்லையை விட்டுவிட்டது. ஆற்றின் மிகைநீர் இயற்கையாக வெளியேறிவந்த கிளைவழிகளும் ஒவ்வொன்றாக அடைபட்டன. 1882, 1912, 1913, 1922 ஆகிய ஆண்டுகளின் வெள்ளங்கள் எச்சரித்தன. ஒவ்வொரு முறையும் கிடைத்த விடை ஒன்றே: கரையை இன்னும் உயர்த்துக. வெள்ளத்தின் அழிவைத் தடுக்கும் நிலைக்குக் கரைகள் வந்துவிட்டன என்று பொறியியற் படையின் தலைமை 1926-இல் நம்பிக்கையோடு அறிவித்தது.

1927

1926-ஆம் ஆண்டின் கோடையிறுதியிலேயே மழை தொடங்கிவிட்டது. ஆற்றின் கிளைகள் மாதக்கணக்கில் பெருகிய வண்ணம் இருந்தன. 1927 ஏப்ரல் 15, பெரிய வெள்ளிக்கிழமையன்று, நியூ ஒர்லியன்சில் ஒரே நாளில் 14 அங்குலத்துக்கும் மேற்பட்ட மழை பெய்தது. மறுநாள் மிசூரி மாநிலத்தின் டொரீனாவில் கரை உடைந்தது.

ஏப்ரல் 21-ஆம் நாள் காலை, மிசிசிப்பி மாநிலத்தின் மவுண்ட்ஸ் லேண்டிங் என்னுமிடத்தில் பேருடைப்பு நிகழ்ந்தது. உடையப்போவது தெரிந்த பின்னும் கறுப்பினத் தொழிலாளர்கள் காவலின்கீழ் மணல்மூட்டை சுமக்கக் கரைமேல் நிறுத்தப்பட்டிருந்தனர். வெள்ளம் அவர்களுள் பலரை அடித்துச் சென்றது. மாண்டோர் தொகை துல்லியமாகக் கணக்கிடப்படவே இல்லை. அன்று திறந்துகொண்ட நீர்வாய் தரையை ஆழக் குடைந்த இடத்தில் இன்றும் ஒரு குளம் கிடக்கின்றது.

அவ்வாண்டில் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் கரை உடைந்தது. ஏறத்தாழ 27,000 சதுர மைல் நிலம் நீரில் மூழ்கியது. 600,000-க்கும் மேற்பட்டோர் வீடிழந்தனர். இறந்தோர் 246 பேர் என்று அரசுக் கணக்கு கூறிற்று. உண்மைத் தொகை அதனினும் மிகுதி என்பது வரலாற்றாசிரியர் பலர் கருத்து. படுகை அகழ்ந்து ஆழமாகும் என்று காத்திருந்தவர்கள், கரை அகன்று கடலாகியதைக் கண்டனர்.

கரைமேல் வாழ்ந்த மக்கள்

மவுண்ட்ஸ் லேண்டிங்குக்குத் தெற்கே கிரீன்வில் நகரம் மூழ்கியது. எங்கும் நீராயிருக்க, எஞ்சிய மேட்டு நிலம் கரை ஒன்றே. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கறுப்பின மக்கள் அக்கரையின் குறுகிய முடிமீது பல மைல் நீளத்திற்குக் கூடாரமிட்டும் கூடாரமின்றியும் தங்கினர். ஒருபுறம் ஆறு, மறுபுறம் வெள்ளம்.

அவர்களை ஏற்றிச்செல்லக் கப்பல்கள் வந்தன. வெள்ளையர்கள் ஏறிச் சென்றனர். கறுப்பினத்தவரை அனுப்பத் தோட்டமுதலாளிகள் உடன்படவில்லை. அம்மக்களுள் பெரும்பாலோர் அம்முதலாளிகளின் பருத்தி நிலங்களை வாரத்திற்கு உழுதவர்கள். சென்றவர்கள் திரும்பமாட்டார்கள், உழ ஆளிராது என்ற அச்சமே தடைக்குக் காரணம். அம்மக்கள் ஆயுதந்தாங்கிய காவலின்கீழ் வைக்கப்பட்டனர். செஞ்சிலுவைச் சங்கத்தின் உணவுப் பொருள்களை இறக்கும் வேலை அவர்கள்மீது கட்டாயமாகச் சுமத்தப்பட்டது. உடையில் அடையாளச் சீட்டு இல்லாதார்க்கு உணவு மறுக்கப்பட்டது. வேலைக்கு வர மறுத்த கறுப்பினத்தவர் ஒருவர் காவலர் ஒருவரால் சுட்டுக் கொல்லப்பட்டார். நீர் வடிந்தபின் அம்மக்களுள் பல்லாயிரவர் அந்நிலத்தைத் துறந்து வடக்கு நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். கரையைக் கட்டியவர்களுக்கே கரை சிறையானதை அவர்கள் மறக்கவில்லை.

வெடிவைத்துத் தகர்த்த கரை

அதே ஏப்ரல் மாதத்தில் நியூ ஒர்லியன்ஸ் நகரின் வங்கியாளர்களும் செல்வர்களும் அச்சத்தில் ஆழ்ந்திருந்தனர். நகரத்திற்குக் கீழே, கெர்னார்வன் என்னுமிடத்தில் கரையைத் தகர்த்துவிட்டால் ஆற்றின் உயரம் தணியும். நகரம் பிழைக்கும் என்று அவர்கள் ஆட்சியாளரை வற்புறுத்தினர். தகர்த்தால் மூழ்கப்போவது செயின்ட் பெர்னார்ட், பிளாக்கமின்ஸ் என்னும் இரு வட்டாரங்கள். அங்கே வாழ்ந்தவர்கள் ஏறத்தாழ 10,000 பேர். மீன்பிடித்தும், சதுப்பு நிலத்தில் நீரெலிகளைப் பிடித்துத் தோல் விற்றும் பிழைத்த எளியோர். இழப்பை முழுவதும் ஈடுசெய்வதாக நகரத்தார் உறுதிமொழி தந்தனர்.

ஏப்ரல் 29-ஆம் நாள் டைனமைட் வெடி முழங்கிற்று. பத்து நாட்களில் 39 டன் வெடிமருந்து செலவாயிற்று. ஆனால் மேலே பல இடங்களில் கரைகள் தாமே உடைந்துவிட்டமையால், நகரத்தை நெருங்கிய வெள்ளத்தின் வேகம் முன்னரே குறைந்துவிட்டது. தகர்ப்பு தேவையற்றதாகப் போயிற்று. பின்னர் இழப்பீடு கேட்டு வந்தவர்களிடம் முகாமில் உண்ட உணவின் செலவைக்கூடக் கழித்துக்கொண்டனர். கேட்ட தொகையில் மிகச் சிறு பகுதியே கிடைத்தது. பலருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

ஒரு நகரைக் காக்க ஒரு சிற்றூரை மூழ்கடிப்பது எக்காலத்தும் தவறு என்று எளிதிற் கூறிவிட இயலாது. பல்லாயிரம் உயிர்களைக் காக்கும் பொருட்டுச் சில வயல்களில் நீரை விடுவது அறிவுடைமையாகவும் இருக்கலாம். ஆனால் முன்கூட்டியே கேட்காமல், முன்கூட்டியே கொடுக்காமல், வலியோர் சொல்லுக்கு எளியோர் நிலத்தைப் பலியிடுவதே கொடுமை.

ஆற்றுக்கு வழிவிட்ட சட்டம்

1927-இன் பேரழிவு, 'கரை மட்டுமே' என்னும் கொள்கைக்கு முடிவு கட்டிற்று. 1928 மே 15-ஆம் நாள் குடியரசுத் தலைவர் கூலிட்ஜ் வெள்ளத் தடுப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். கீழ் மிசிசிப்பியின் வெள்ளத்தைத் தடுக்கும் பொறுப்பை நடுவண் அரசே ஏற்றுக்கொண்டது. கரைகள் வலுப்பெற்றன. அவற்றோடு, அளவு மீறிய வெள்ளம் வருங்காலத்தில் குறித்த இடங்களில் குறித்த அளவு நீரை வெளியே விடுவதற்கான வழிகளும் திட்டத்தில் இடம்பெற்றன. எல்லட் 1852-இல் வேண்டியவற்றுள் ஒரு பகுதி, அவர் மறைந்து 66 ஆண்டுகளுக்குப்பின் சட்டமாயிற்று.

நியூ ஒர்லியன்சுக்கு ஏறத்தாழ 30 மைல் மேலே அமைந்த போனே கேரே வெள்ளப்போக்கி 1931-இல் கட்டிமுடிந்தது. தமிழக ஏரிகளுக்குக் கலிங்கு எதுவோ அதுவே இவ்வாற்றுக்கு அது. 350 வாய்கள் கொண்ட அவ்வமைப்பு, மரச்சட்டங்களைத் தூக்கிவிட்டால், வினாடிக்கு 250,000 கன அடி நீரைப் பான்சட்ரெய்ன் ஏரிக்கு அனுப்பவல்லது. 1937-இல் முதன்முதலாகத் திறக்கப்பட்டு நகரைக் காத்தது. பின்னரும் பல தடவை காத்துள்ளது. 1927-இல் வெடியால் அவசரத்தில் செய்யப்பட்டதையே இது அமைதியாக, அளவோடு செய்கின்றது. ஆயினும் இதற்கும் விலை உண்டு. நீண்ட நாள் திறந்திருந்தால் நன்னீர் பெருகி, உவர்நீரில் வாழும் சிப்பிகள் மடிகின்றன. அவற்றை நம்பிய மீனவர் இடர்ப்படுகின்றனர்.

சுவர் காத்த நகரும் இடம்பெயர்ந்த ஊரும்

நகரங்களில் அகன்ற மண்கரைக்கு இடம் இராது. அங்கே எஃகுத் தகடுகளைத் தரையினுள் ஆழமாக அறைந்து, அவற்றின்மேல் கான்கிரீட் சுவரை எழுப்புகின்றனர். சாலையும் இரயில்பாதையும் செல்லுமிடங்களில் கதவுகள் அமைத்து வெள்ளக் காலத்தில் அடைக்கின்றனர். இதுவே வெள்ளச்சுவர். சென்ட் லூயிஸ் நகரின் வெள்ளச்சுவர், ஆற்றின் அளவுகோலில் 52 அடி உயரும் வெள்ளத்தைத் தாங்குமாறு கட்டப்பட்டது. 1993 ஆகஸ்டு 1-ஆம் நாள் ஆறு அங்கே 49.6 அடியைத் தொட்டது. சுவர் தாங்கிற்று; நகரின் நடுப்பகுதி தப்பிற்று. வெள்ளச்சுவரின் பயனை மறுப்பார்க்கு இதுவே தக்க விடை.

ஆனால் அதே 1993-இல் மேல் மிசிசிப்பி, மிசூரி ஆறுகளின் ஓரங்களில் 1,000-க்கும் மேற்பட்ட கரைகள் உடைந்தன அல்லது மூழ்கின. இலினாய் மாநிலத்தில் வால்மயர் என்னும் சிற்றூர், கரைக்குப் பின்னே பல்லாண்டு நிம்மதியாக இருந்த ஊர், முற்றிலும் மூழ்கியது. அங்கிருந்தவர்கள் ஏறத்தாழ 900 பேர். அவ்வூரார் கூடிப் பேசி, கரையை உயர்த்துவதற்கு மாறாக ஊரையே உயர்த்தினர். அண்மையிலிருந்த உயர்ந்த மேட்டில் அரசின் உதவியோடு புதிய வால்மயரை எழுப்பினர். இதற்கு மாறாக, சென்ட் லூயிசை அடுத்த செஸ்டர்பீல்டு பள்ளத்தாக்கில் உடைந்த கரை மேலும் உயர்த்தப்பட்டது. அதன் பின்னே கடைகளும் வணிக வளாகங்களும் பெருகின. இரு முடிவுகளுக்கும் காரணங்கள் உண்டு. ஆனால் பின்னதில் ஓர் இடர் மறைந்துள்ளது. கரை தரும் நம்பிக்கையால் மக்களும் செல்வமும் தாழ்நிலத்தில் குவிவர். கரை ஒருநாள் உடைந்தால், கரையே இல்லாதிருந்தபோது நேர்ந்திருக்கக்கூடிய இழப்பினும் மிகுந்த இழப்பு நேரும். புவியியல் அறிஞர் கில்பர்ட் ஒயிட், சிக்காகோ பல்கலைக்கழகத்தில் 1945-இல் வெளியான தம் ஆய்வில், கட்டுமானங்களை மட்டும் நம்பாமல் மனிதன் தன் குடியிருப்பு முறையையும் மாற்றிக்கொள்ள வேண்டுமென வலியுறுத்தியிருந்தார்.

2005: சரிந்த சுவர்கள்

இக்கருத்தின் உண்மை நியூ ஒர்லியன்சில் கொடிய முறையில் வெளிப்பட்டது. 20-ஆம் நூற்றாண்டில் அந்நகரம் ஆற்றோர மேட்டை விட்டிறங்கிச் சதுப்பு நிலத்திற்குள் பரவியது. பெரிய நீரிறைப்பொறிகள் சதுப்பை வற்றச்செய்தன. வற்றிய மண் சுருங்கித் தாழ்ந்தது. நகரின் ஏறத்தாழப் பாதி கடல்மட்டத்திற்குக் கீழ் வந்தது. இறைத்த நீரை ஏரிக்குக் கொண்டுசெல்லும் கால்வாய்களின் இருபுறமும் வெள்ளச்சுவர்கள் நின்றன.

2005 ஆகஸ்டு 29-ஆம் நாள் கத்ரினா புயல் கடல்நீரை ஏரிக்குள்ளும் கால்வாய்களுக்குள்ளும் தள்ளிற்று. 17-ஆம் தெருக் கால்வாயின் சுவர், நீர் அதன் உச்சியை எட்டுமுன்னரே சரிந்தது. லண்டன் அவென்யூ கால்வாயிலும் அவ்வாறே. சுவரின் கீழிருந்த மண் எவ்வளவு வலுவற்றது என்பதும், எஃகுத் தகடுகள் போதிய ஆழம் செல்லவில்லை என்பதும் பின்னர் நிகழ்ந்த ஆய்வுகளில் தெளிவாயின. கட்டுமானத்தின் குறையை இராணுவப் பொறியியற் படையே 2006-இல் ஒப்புக்கொண்டது. நகரின் ஏறத்தாழ 80 விழுக்காடு நீரில் மூழ்கியது. அப்புயலால் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். முதியோரும், வெளியேற வண்டியில்லாத ஏழைகளும் பெரிதும் துன்புற்றனர். 1927-இல் வெடிக்கு இரையான அதே செயின்ட் பெர்னார்ட் வட்டாரம் இம்முறையும் ஏறத்தாழ முழுவதும் மூழ்கியது.

நகரின் தெற்கே மற்றுமோர் இழப்பும் நெடுங்காலமாக நிகழ்ந்து வந்துள்ளது. கரைகளுக்குள் அடைபட்ட ஆறு தன் வண்டலைச் சதுப்பு நிலங்களில் பரப்ப முடியவில்லை, ஆழ்கடலில் கொட்டுகின்றது. எண்ணெய்க் கால்வாய்களும் நிலத்தின் தாழ்வும் சேர்ந்து, 1930-களுக்குப்பின் லூசியானா மாநிலம் ஏறத்தாழ 2,000 சதுர மைல் கடலோர நிலத்தை இழந்தது. புயலின் வேகத்தைத் தணிக்கும் இயற்கை அரணே அந்நிலம். ஆற்றைத் தடுக்க எழுந்த கரை, கடலைத் தடுத்த நிலத்தைத் தேயச் செய்தது.

கத்ரினாவுக்குப்பின் நகரைச் சுற்றி 14,000 மில்லியன் டாலருக்கு மேற்பட்ட செலவில் புதிய அரண்கள் எழுந்தன. 2021 ஆகஸ்டு 29-ஆம் நாள் வந்த ஐடா புயலின்போது அவை உறுதியாக நின்றன. இவற்றின் பெயரில் நேர்ந்த மாற்றம் மொழியாசிரியர்களின் கருத்துக்குரியது. முன்னர் 'பாதுகாப்பு' என்று பெயர் பெற்றிருந்த அமைப்பு, இப்பொழுது 'இடர் குறைப்பு' அமைப்பு எனப்படுகின்றது. முழுக் காப்பு என்று எதுவுமில்லை. இடரைக் குறைக்கவே இயலும் என்னும் உண்மை, பல்லாயிரம் குடும்பங்களின் கண்ணீருக்குப்பின் ஒரு சொல்லில் ஏறியது.

2011: ஒரு மறுதேர்வு

1928-இன் திட்டம் 2011-இல் கடுந்தேர்வுக்கு உள்ளாயிற்று. 1927-க்கு இணையான வெள்ளம் கீழ் மிசிசிப்பியில் வந்தது. மே 2-ஆம் நாள், கெய்ரோவைக் காக்கும் பொருட்டு, பேர்ட்ஸ் பாயின்ட் என்னுமிடத்தில் கரை திட்டப்படி வெடிவைத்துத் திறக்கப்பட்டது. போனே கேரேயும், அதற்கு மேலுள்ள மொர்கன்சா வெள்ளப்போக்கியும் திறக்கப்பட்டன. மூன்றும் ஒருங்கே இயங்கியது அதுவே முதன்முறை. முதன்மைக் கரைகள் நின்றன. ஆற்றுக்கு வழிவிட்டதால் கரை பிழைத்தது.

பேர்ட்ஸ் பாயின்டில் மூழ்கிய ஏறத்தாழ 130,000 ஏக்கர் நிலத்தின்மீது நீர்விடும் உரிமையை அரசு பல்லாண்டுகளுக்கு முன்னரே விலைகொடுத்து வாங்கியிருந்தது. கெர்னார்வனுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுவே. எனினும் துன்பம் முற்றும் நீங்கிவிடவில்லை. அந்த வடிவழியினுள் பின்ஹுக் என்னும் சிற்றூர் இருந்தது. வேறிடத்தில் நிலம் வாங்க வழியில்லாத கறுப்பின உழவர்கள் 1940-களில் அமைத்த ஊர் அது. 2011-இல் அவ்வூர் அழிந்தது. அம்மக்கள் புதிய வீடுகளுக்காகப் பல ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. தாழ்ந்த நிலத்தில் யார் வாழ்கின்றனர், ஏன் அங்கே வாழ்கின்றனர் என்னும் வினா, 1927-இலும் 2005-இலும் 2011-இலும் ஒரே விடையைத்தான் பெற்றது.

முடிவுரை

மிசிசிப்பியின் வரலாறு கரையை இகழச் சொல்லவில்லை. கரையும் சுவரும் இல்லையேல் சென்ட் லூயிசும் நியூ ஒர்லியன்சும் இன்றைய நகரங்களாய் நில்லா. ஆனால் கரையெழுப்புமுன் கேட்கத்தக்க வினாக்கள் மூன்று என்பதை அவ்வரலாறு உணர்த்துகின்றது. இங்கே தடுக்கப்படும் நீர் எங்கே செல்லும்? அது செல்லுமிடத்தில் வாழ்வோர் யார். அவர்களைக் கேட்டாயிற்றா, அவர்களுக்குரியதைக் கொடுத்தாயிற்றா? கரைக்குப் பின்னே, அது உடையவே உடையாது என்று எண்ணி, நாம் எதைக் கட்டிக் குவிக்கப் போகின்றோம்?

முதல் வினாவைக் கேளாமையால் 1927-இன் வெள்ளம் பேரழிவாயிற்று. இரண்டாவதைக் கேளாமையால் கெர்னார்வனில் அறம் அழிந்தது. மூன்றாவதைக் கேளாமையால் 2005-இல் ஒரு நகரம் மூழ்கியது. ஆண்டுதோறும் வடகிழக்குப் பருவமழையை எதிர்நோக்கும் மலேசிய நாட்டு மாணவர்க்கும் இவ்வினாக்கள் அயலானவை அல்ல. ஆற்றுக்கு எல்லை வகுக்கும் மனிதன், அதற்கு வழியும் வகுக்க வேண்டும். வழி வகுக்குங்கால், அவ்வழியில் வாழும் எளியவனையும் எண்ண வேண்டும்.